வீங்கிய உதடுகளின் வரலாறு

இந்த வாரம் நான் படித்திருக்க வேண்டியது செமினாருக்கான தலைப்பு. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தது உதடுகளைப் பற்றி. ஏன் இந்த விபரீத ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மா மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அக்கா ஒரு பார்லருக்குப் போய் உதட்டுக்குப் 'பெர்மனென்ட் கலர்' போட்டுக்கொண்டு வந்தாள். மெல்லிய ஊசியால் உதட்டுத் தோலுக்குள் நிறத்தை இறக்குவார்கள். லிப்ஸ்டிக் இல்லாமலே இரண்டு மூன்று வருடம் உதடு இளஞ்சிவப்பாக இருக்கும். "வலியே தெரியாது, இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் உதடு இரண்டும் இட்லி மாதிரி உப்பியிருந்தது. ரசத்தை ஆறவைத்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாள். மூன்றாம் நாள் உதட்டோரம் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பின. ஆறாம் நாள் தோல் உரிந்தபோது போட்ட நிறமும் அதோடு போய்விட்டது போலத் தெரிந்தது. அறையை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால், "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று பெரியம்மா சமாளித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போட்டுக்கிறாங்க. எனக்கு மட்டும் ஏன்டா இப்படி ஆச்சு? என் உடம்புதான் சரியில்லையா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

வரலாறு படிக்கிறவனிடம் மருத்துவக் கேள்வி கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? வரலாறுதான் கிடைக்கும் :) உதட்டில் நிறம் குத்திக்கொள்வது இந்தக் காலத்துப் பார்லர்கள் கண்டுபிடித்தது அல்ல. பல மக்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்தது. அவர்களுக்கும் வீங்கியிருக்க வேண்டுமே, அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? இந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். முதலில் உதடு என்ற தோலைப் பற்றிக் கொஞ்சம், அதன்பின் நியூசிலாந்து, ஜப்பானின் வடக்குத் தீவு, லண்டன், கடைசியாக அமெரிக்கா.

உதடு ஏன் இப்படி வீங்குகிறது?

நம் உடம்பின் மற்ற இடங்களில் தோலின் மேல்பகுதி தடித்த, உலர்ந்த பல அடுக்குகளால் ஆனது. உதட்டின் சிவந்த பகுதியில் அந்த அடுக்குகள் மிகக் குறைவு. அதனால்தான் அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. அங்கே வியர்வைச் சுரப்பி கிடையாது, முடி கிடையாது. ரத்த நாளங்களும் நரம்புகளும் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. திசு தளர்வாக இருப்பதால் சின்னக் காயம் பட்டாலும் நீர் கோத்து உப்பிவிடும். தேனீ கொட்டினால் கையை விட உதடு எப்படி வீங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலிக்கும் காரணம் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மான்ட்ரியால் நகரத்தில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை நிபுணரும் எட்வின் போல்ட்ரேயும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று காட்டும் வேலை அது. அதை வைத்து ஒரு மனித உருவம் வரைந்தால் கைகளும் உதடுகளும் பூதாகரமாக இருக்கும். முதுகு முழுவதற்கும் ஒதுக்கிய இடத்தைவிட, நாலு விரல் அகலம் கூட இல்லாத உதட்டுக்கு அதிக இடம். ஆக உதட்டில் படும் ஊசி மூளைக்கு மிகப் பெரிய செய்தி. "வலியே தெரியாது" என்று யாராவது சொன்னால், மரத்துப் போகும் களிம்பின் வேலை முடியும்வரைதான் அது உண்மை.

சரி, இப்போது நியூசிலாந்துக்குப் போவோம்.

மாவோரிகள்: புனலும் இலையும் பாட்டும்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பச்சை குத்தும் கலைக்கு மோகோ என்று பெயர். குத்துவது என்பது கூடச் சரியான சொல் அல்ல. செதுக்குவது என்றுதான் சொல்ல வேண்டும். உஹி என்னும் சின்ன உளியை முகத்தில் வைத்துச் சிறு தடியால் தட்டுவார்கள். அல்பட்ராஸ் போன்ற பெரிய கடற்பறவைகளின் எலும்பில் அந்த உளி செய்யப்பட்டது. தோல் வெட்டுப்பட்டுப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் பிசினை எரித்து எடுத்த கரியைத் தேய்ப்பார்கள். ஆண்களில் உயர்குடியினருக்கு முகம் முழுக்க. பெண்களுக்குப் பெரும்பாலும் உதடுகளிலும் முகவாயிலும். பெண்களுடையதை மோகோ கவாயே என்கிறார்கள்.

அவர்களுக்குச் சிவந்த உதடு அழகில்லை. கருநீலமாக இருந்தால்தான் அழகு. நம் அக்கா கறுத்த உதட்டைச் சிவப்பாக்கப் போனாள், அங்கே சிவந்த உதட்டைக் கறுப்பாக்க உட்கார்ந்தார்கள். அழகு என்பது ஊருக்கு ஊர் எப்படித் திரும்பிக்கொள்கிறது பாருங்கள்.

1835 டிசம்பரில் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் நியூசிலாந்து வந்தார். வைமாட்டே என்ற ஊரில் பாதிரிமார்களின் குடியிருப்பில் தங்கினார். அங்கே வேலை செய்த மாவோரிப் பெண்களிடம் பாதிரிமார்களின் மனைவியர் பச்சை வேண்டாம் என்று எடுத்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தெற்கிலிருந்து ஒரு பேர்போன கலைஞர் வந்ததும் அந்தப் பெண்களால் இருக்க முடியவில்லை. உதட்டில் மட்டுமாவது சில கோடுகள் வேண்டும், இல்லாவிட்டால் வயதானபின் உதடு சுருங்கி அசிங்கமாகிவிடும் என்று அவர்கள் சொன்னதை டார்வின் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வயதானாலும் உதடு எடுப்பாகத் தெரியும் என்றுதானே இன்றைய விளம்பரமும் சொல்கிறது!

என் கேள்விக்கான பதிலும் இங்கேதான் கிடைத்தது. முகம் முழுக்க மோகோ செதுக்கிக்கொள்ளும் தலைவருக்கு வாய் வீங்கிவிடும். மெல்ல முடியாது. அதோடு, செதுக்கும் காலத்தில் அவர் தாபு நிலையில் இருப்பார். தாபு என்றால் தீண்டக்கூடாத புனித நிலை. சமைத்த உணவு அந்தக் காயங்களில் படக்கூடாது. அதனால் அவருக்கு உணவு கொடுப்பதற்கென்றே மரத்தில் ஒரு புனல் செய்தார்கள். அதன் பெயர் கோரெரே. நீர்த்த உணவை அதில் ஊற்றுவார்கள், அது நேராக வாய்க்குள் இறங்கும்.

இந்தப் புனல்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படங்களைப் பார்த்தேன். சாதாரணப் புனல் இல்லை. வெளிப்புறம் முழுக்க முகங்களும் சுருள்களுமாக நுணுக்கமான சிற்ப வேலை. ஒரு சில நாள் வீக்கத்துக்குப் பயன்படும் பாத்திரத்துக்கு யாரோ எத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள்! வாய் வீங்கியிருக்கிறது என்பது அங்கே மறைக்க வேண்டிய செய்தியாக இல்லை. வீங்கும் என்று முன்கூட்டியே தெரியும், அதற்கான பாத்திரம் தயாராக இருக்கும்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, கரகா என்ற மரத்தின் பளபளப்பான இலைகள். அவற்றை வீங்கிய காயத்தின் மேல் வைப்பார்கள். மற்றொன்று பாட்டு. செதுக்கும்போது வலி மறக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். அதற்கென்று வாக்காவை என்னும் தனிப்பாட்டு வகையே இருந்தது.

இதைப் படித்தபோது என் ஆச்சியின் முன்கைக் கோலம் நினைவுக்கு வந்தது. சிறுவயதில் ஊருக்கு வந்த குறத்தி ஒருத்தி பச்சை குத்திவிட்டாளாம். அவள் பாடிக்கொண்டே குத்தினாள், முடிந்ததும் மஞ்சள் அரைத்துப் பூசினாள் என்று ஆச்சி சொல்வார். ஒரு பாட்டு, ஒரு பச்சிலை. கடல் கடந்தும் அதே ஏற்பாடு.

ஆண்களின் மோகோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் நின்றுபோனது. பெண்கள் விடவில்லை. உளிக்குப் பதில் எஃகு ஊசிகள் வந்தன. காயம் சிறிதாயிற்று, ஆறுவதும் எளிதாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிகவும் அருகிப்போய், கடைசிப் பத்தாண்டுகளில் மீண்டும் தழைத்தது. 2016-ல் நனையா மஹுட்டா மோகோ கவாயே அணிந்த முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2020-ல் அவர் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

ஐனுகள்: பெயரிலேயே காயம்

அடுத்து ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவு. அங்குள்ள பூர்வகுடிகள் ஐனுக்கள். ஐனுப் பெண்கள் வாயைச் சுற்றிக் கருநீலப் பச்சை குத்திக்கொள்வார்கள். சிறுமியாக இருக்கும்போது மேலுதட்டில் சின்னதாக ஆரம்பித்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, திருமண வயதில் முடிப்பார்கள். முழுதாக முடிந்தால்தான் அவள் கல்யாணத்துக்குத் தயார். செத்தபின் முன்னோர்களோடு சேரவும் அது வேண்டும் என்று நம்பினார்கள்.

செய்பவள் வயதான பெண். சின்னக் கத்தியின் நுனியால் நுண்ணிய கீறல்கள் போடுவாள். பூர்ச்ச மரப்பட்டையை எரித்து, பானையின் அடியில் படிந்த கரியை எடுத்துத் தேய்ப்பாள். மரப்பட்டை வெந்த சுடுநீரில் துணியை நனைத்து ரத்தத்தைத் துடைப்பாள். கிருமி என்ற சொல்லே அறியாத காலத்தில் கொதிக்கவைத்த நீரும் சூட்டில் பிறந்த கரியும்! அந்தப் பாட்டிகள் காரணம் அறியாமலே கொஞ்சம் பாதுகாப்பான வழியைப் பிடித்திருக்கிறார்கள். ஒரே நாளில் முடிக்காமல் வருடக்கணக்கில் பிரித்துச் செய்ததும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் காயம் சிறிதாக இருக்கும், அது நன்றாக ஆறியபின்தான் அடுத்தது.

இந்தப் பச்சைக்கு ஐனு மொழியில் ஒரு பழைய பெயர் அஞ்சி-பிரி. அஞ்சி என்றால் எரிமலையிலிருந்து வரும் கருங்கண்ணாடிக் கல். இரும்புக் கத்தி வருவதற்கு முன் அதன் சில்லால்தான் கீறினார்கள். பிரி என்றால் வெட்டு, காயம். நாம் நிறத்தை வைத்துப் 'பச்சை' என்கிறோம். அவர்கள் காயத்தை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே யாரும் "வலியே தெரியாது" என்று சொல்ல முடியாது அல்லவா?

ஆனால் எல்லாம் இனிமையாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஐனுச் சிறுமிக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? குத்திக்கொள்ளாவிட்டால் மணமில்லை, மறுமையும் இல்லை என்றால் அது விருப்பம் ஆகாது. மறுபக்கம், அதைத் தடுக்க வந்த அரசும் அந்தப் பெண்களைக் கேட்டுச் செய்யவில்லை. 1871-ஆம் ஆண்டு ஹொக்கைடோவை ஆண்ட குடியேற்ற நிர்வாகம் இனிப் பிறக்கும் பெண்களுக்குப் பச்சை குத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. அதே கையோடு ஐனுக்களை ஜப்பானியராக மாற்றும் வேலையும் நடந்தது. தடைக்குப் பிறகும் பலர் ஒளிந்து குத்திக்கொண்டார்கள். பெருமையாக இருந்த வாய் ஒரு தலைமுறைக்குள் கைக்குட்டையால் மூடவேண்டிய வாய் ஆயிற்று. ஜப்பான் நாடாளுமன்றம் ஐனுக்களைப் பூர்வகுடிகளாக ஏற்கத் தீர்மானம் போட்டது 2008-ல். அதைச் சட்டத்தில் எழுதியது 2019-ல்.

லண்டன்: காயம் ஒளிந்துகொண்ட இடம்

இதுவரை பார்த்த இரண்டு இடத்திலும் காயம் ஊரறிந்த விஷயம். அது வீட்டு ரகசியமாக மாறியது எங்கே? ஒரு இயந்திரத்திலிருந்து தொடங்கலாம்.

1876-ல் தாமஸ் எடிசன் மின்சாரப் பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் வரிசையாக ஓட்டை போட்டுப் பிரதி எடுக்கும் கருவி அது. அதே யோசனையில் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரெய்லி 1891-ல் மின்சாரப் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். உளி பள்ளம் வெட்டியது, கத்தி கீறியது. இந்த ஊசியோ நுண்ணிய புள்ளிகளாக இறங்கியது. காயம் மிகச் சிறிதாகிவிட்டது. மறைக்க முடிகிற அளவுக்குச் சிறிதாகிவிட்டது.

லண்டனில் ஜெர்மின் தெருவில் சதர்லேண்டு மெக்டொனால்டு என்பவர் பச்சை குத்தும் கூடம் வைத்திருந்தார். மேட்டுக்குடியினர் வந்துபோகும் இடம். பெண்களின் கன்னத்தில் எந்நாளும் மாறாத ரோஜா நிறம் ஏற்றும் வேலையையும் அவர் செய்தார். அவருக்குப் பிறகு ஜார்ஜ் பர்ச்செட். 1872-ல் பிறந்து 1953 வரை வாழ்ந்தவர். அவர் நினைவுக் குறிப்புகள் 1958-ல் புத்தகமாக வந்தன. அழகு நிலையங்கள் பல பெண்களுக்கு அவர்கள் அறியாமலே பச்சை குத்தின என்று அதில் சொல்கிறார். மேனி நிறத்துக்கான சிகிச்சை, தோலின் மேலடுக்குக்கு அடியில் தாவரச் சாயம் செலுத்துகிறோம் என்றுதான் அந்தப் பெண்களிடம் சொன்னார்களாம். பச்சை என்றால் மாலுமிகளுக்கும் ரவுடிகளுக்கும் உரியது என்று நினைத்த காலம். கண்ணியமான வீட்டுப் பெண்ணிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? சொல்லை மாற்றிவிட்டார்கள்.

பச்சை என்று சொல்லாவிட்டால் காயம் என்றும் சொல்ல முடியாது. காயம் என்று சொல்லாவிட்டால் வீங்கும், உரியும், இத்தனை நாள் ஆகும் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் அவளாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அக்காவுக்கு நடந்ததும் இதேதான். "பெர்மனென்ட் கலர்" என்ற பெயரில் காயம் எங்கே இருக்கிறது?

வீக்கம் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 1878-ல் பிலடெல்பியா மருத்துவர்கள் இருவர் ஒரு செய்தியை எழுதினார்கள். வாயில் புண் இருந்த ஒரு பச்சை குத்துபவர், ஊசியையும் மையையும் எச்சிலால் நனைத்தே வேலை செய்திருக்கிறார். அவரிடம் குத்திக்கொண்ட பலருக்குச் சிஃபிலிஸ் தொற்றிவிட்டது. அதேபோல் அந்தக் காலத்துச் சிவப்பு மை பெரும்பாலும் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. மற்ற நிறங்கள் அமைதியாக ஆறினாலும் சிவப்பு குத்திய இடம் மட்டும் தடித்து அரிப்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள். உதட்டுக்கு வேண்டியதோ சிவப்புதான்!

அமெரிக்கா: சாப்பிடவும் பேசவும் முடியாதவர்கள்

இப்போது நாம் காணும் பெர்மனென்ட் மேக்கப் தொழில் 1980-களில் அமெரிக்காவில் உருவானது. 1984-ல் கியோரா ஆங்ரெஸ் என்ற கண் மருத்துவர் இமையோரத்தில் நிறம் ஏற்றும் முறையைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் அன்றாடம் மை தீட்டும் தொல்லை இல்லாமல் போயிற்று. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகும், பிளவுபட்ட உதட்டைத் தைத்த பிறகும் இந்தக் கலை பலருக்கு உதவுகிறது. ஆகவே இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கவும் முடியாது. இமையிலிருந்து புருவத்துக்கும் உதட்டுக்கும் அது பரவியது.

2003, 2004 ஆண்டுகளில் ஒரு சிக்கல் வெடித்தது. ஒரே உற்பத்தியாளரின் சில நிற மைகளைப் போட்டுக்கொண்டவர்களிடமிருந்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 150-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. வீக்கம், வெடிப்பு, தோல் உரிதல், கொப்புளம், தழும்பு, தோலுக்கடியில் கட்டிகள். சிலருக்குச் சாப்பிடவும் பேசவும் கூடச் சிரமம். அந்த மைகள் திரும்பப் பெறப்பட்டன. 2007-ல் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சாப்பிடவும் பேசவும் சிரமம் என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்த மரப் புனல் ஞாபகம் வந்தது. மாவோரித் தலைவருக்கும் அதே நிலைதான். அவருக்குப் புனல் கிடைத்தது, பாட்டு கிடைத்தது. அதோடு சில நாளில் வீக்கம் வடிந்தும் போனது. இவர்களில் பலருக்கு அது மாதக்கணக்கில் நீண்டது. கையில் இருந்தது ஒரு புகார் படிவம்.

போட்டதை அழித்துவிடலாமே என்றால் அதிலும் ஒரு வம்பு. உதட்டுக்கான இளஞ்சிவப்பு மைகளில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருப்பது வழக்கம். லேசர் ஒளி பட்டால் இவை மறைவதற்குப் பதிலாக ஒரு நொடியில் கறுத்துவிடலாம். 1993-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளிலும் பெர்மனென்ட் மேக்கப் மைகளிலும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எலும்பு உளியிலிருந்து இந்தச் சட்டம் வர எவ்வளவு காலம்!

அக்காவுக்கு நான் சொன்ன பதில்

இனி அக்காவின் மூன்று சந்தேகங்கள். வீங்கியது ஏன் என்று மேலே பார்த்துவிட்டோம். முதல் மூன்று நாள் வீக்கம் சாதாரணம்.

அடுத்து, நிறம் ஏன் உரிந்து போனது? ஊசி பட்டதும் மேல்தோல் சேதமாகிறது. மூன்றாம் நாள் முதல் ஒரு வாரத்துக்குள் அது உரிகிறது. மேலாக ஒட்டியிருந்த மையும் அதோடு போகிறது. புதிதாக வரும் தோல் முதலில் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அடியில் உள்ள நிறத்தை மறைக்கும். நாலைந்து வாரத்தில் அது தெளிந்தபின் உண்மையான நிறம் தெரியும். அடியில் மையைப் பிடித்துவைத்திருப்பது நம் உடம்பின் காவல்காரர்களே. மேக்ரோபேஜ் என்னும் செல்கள் மைத்துகளை அந்நியன் என்று நினைத்து விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. 2018-ல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். மையை விழுங்கிய செல் செத்தால் மை வெளியே வரும், உடனே புதுச் செல் ஒன்று அதை விழுங்கிக்கொள்ளும். ஆக, ஆறி முடிந்தது போலத் தெரியும் பச்சைக்கு அடியில் இந்தக் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது.

கடைசியாக, கொப்புளம். காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டோரம் கிளம்புமே, அதே கொப்புளம். காரணம் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இது உடம்பில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. சிறுவயதில் தொற்றி, முகத்தின் உணர்ச்சி நரம்பு முடிச்சுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும். 1900-களின் தொடக்கத்தில் ஹார்வி குஷிங் என்ற அறுவை நிபுணர் அந்த நரம்பில் அறுவை செய்தவர்களுக்கு உதட்டில் கொப்புளம் வருவதைக் கவனித்தார். 1929-ல் எர்னஸ்ட் குட்பாஸ்டர், வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1972-ல் மனித நரம்பு முடிச்சிலிருந்தே அதை எடுத்துக் காட்டினார்கள். உதட்டில் ஆயிரக்கணக்கில் ஊசி இறங்கினால் அது விழித்துக்கொள்ளும். அதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து 1980-களிலிருந்தே இருக்கிறது. அந்த மருந்து உருவானதில் பங்குள்ள கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. முன்பே கொப்புளம் வந்தவர்களுக்கு மருத்துவர் இந்த வகை மருந்தை முன்கூட்டியே தருவார். பெரும்பாலும் கொப்புளம் வராமலே தடுத்துவிடலாம்.

பெரியம்மா கடைசியில் அக்காவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "உனக்குக் காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருமாம்மா?" அக்கா தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே வருமாம். பார்லரில் யாரும் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி, அரை நிமிடம். அதைக் கேட்டிருந்தால் அந்தப் பத்து நாள் அழுகை இருந்திருக்காது.

நான் தேடிப் படித்ததிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். பழைய காலத்து முறைகள் இன்றையதைவிட நல்லவை என்று சொல்ல முடியாது. எலும்பு உளியைவிடக் கிருமி நீக்கிய, ஒரே முறை பயன்படுத்தும் ஊசி ஆயிரம் மடங்கு மேல். கரகா இலையைவிட அசைக்ளோவிர் மேல். ஆனால் அவர்கள் ஆறும் நாட்களையும் சடங்கின் ஒரு பாகமாக வைத்திருந்தார்கள். யார் ஊட்டுவது, எதில் ஊட்டுவது, எந்த இலை வைப்பது, யார் பாடுவது என்று எல்லாம் முன்பே தீர்மானமாகியிருந்தது. வீங்கிய வாயோடு இருப்பவர் தனியாக இல்லை. இன்று நிறத்தை மட்டும் விற்கிறோம். ஆறும் நாட்களை அவரவர் அறைக்குள் போய்க் கழித்துவிட்டு வர வேண்டும். அதனால்தான் அக்கா "என் உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். உடம்பு சரியாகத்தான் இருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்துகொள்ளப் போனால் தடுக்க வேண்டாம். அது அவர்கள் விருப்பம். மூன்றே மூன்று விஷயம் நினைவுபடுத்துங்கள். கொப்புளம் வந்ததுண்டா என்று யோசித்து மருத்துவரிடம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். ஊசி புதிதாகப் பிரிக்கப்படுகிறதா, மையின் பெயர் என்ன என்று பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். விசேஷத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே முடிக்கச் சொல்லுங்கள். வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கட்டி கட்டியாகத் தடித்தாலோ பார்லருக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்காவின் கல்யாணம் நன்றாக நடந்தது. நிறமும் திரும்பி வந்துவிட்டது, அழகாகவே இருந்தது. மாவோரிப் புனலின் படத்தை அவளுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா குடுத்தீங்களேடா, அதுல ஒரு பூவாவது செதுக்கியிருக்கக் கூடாதா?"

அடுத்த பதிவில் வேறு தலைப்போடு சந்திப்போம். அதற்குள் செமினாரை முடிக்க வேண்டும், வாழ்த்துங்கள் :)